மூன்றாவது தட்டு

உறங்குவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை மணப்பாட்டுக்குத் தெற்கே இருந்த கடற்கரை ஊர்களில் முதலில் யாரும் நம்பவில்லை. "உறங்குறது ஒரு வேலையா? அப்பம் எங்க வீட்டுக்காரருக்கு மேனேஜர் உத்தியோகமே குடுக்கணும்" என்று மீன் ஏலக் கூடத்தில் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனாலும் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள்.

மூடிக் கிடந்த பழைய காசநோய் ஆஸ்பத்திரிதான் இடம். வெளியே 'தள்ளுபடி ஆகம ஆய்வு மனை' என்று பலகை மாட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு, சேலை எத்தனை சதவீதம் குறைப்பு என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களும் உண்டு. யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் வேதத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய பழைய ஏடுகளைத் தேடிப்பிடித்து வாசிக்கும் இடம் அது. நீளமான வார்டில் ஒன்பது கட்டில்கள், எல்லாச் சன்னல்களும் கடலைப் பார்த்தவை. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு ஒன்பது பேரும் படுப்பார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஏடு வாசிக்கும் எப்சிபாவின் குரல் ஒலிபெருக்கி வழியாக மெல்ல வரும். நாலு மணிக்கு எழுந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்று மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

எப்சிபா வாசித்துக்கொண்டிருந்தது நோவாவின் கடைசி மருமகள் சொல்வதாகச் சுரியானி மொழியில் தோலில் எழுதப்பட்ட ஒரு ஏடு. மலையாளக் கரையில் இடித்துக் கட்டிய ஒரு கிறிஸ்தவக் கோவிலின் சுவருக்குள் கிடைத்தது. பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழைக்குள் ஏறிய எட்டுப் பேரில் அந்த மருமகள்தான் இளையவள். தமிழில் பெயர்த்து முதல் பக்கத்திலிருந்து எப்சிபா வாசித்து வந்தாள். ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். 'கதவு அடைக்கப்பட்டது. நான் உள்ளே இருந்தேன். வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்' என்று ஒரு பக்கம் முடிகிறது. அடுத்து வர வேண்டிய ஒற்றை ஏட்டைக் காணோம். அதற்கும் அடுத்தது, 'நாற்பதாம் நாள் நான் மறுபடி பேசினேன்' என்று தொடங்குகிறது.

அந்தக் காணாமல்போன ஏட்டுக்காகத்தான் இத்தனை கட்டில்களும். ஒருவரைத் தினமும் உறக்கத்தில் ஒரு கதைக்குள் நடமாடவிட்டால், மூன்று மாதத்தில் அது அவருடைய சொந்த ஞாபகம்போல ஆகிவிடுகிறது. பிறகு விட்டுப்போன இடம் வரும்போது வாசிப்பவர் பேசாமல் இருக்க வேண்டும். உறங்குபவரின் மனம் தானே அந்த இடத்தை நிரப்பிக் கனவு காணும். கட்டிலுக்கு அடியில் இருந்த கருவி அதைப் படமாகப் பிடிக்கும். அவரவர் வீட்டுக் கவலை, வலை, வயிற்றுவலி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக வந்ததை மட்டும் அது மிச்சம் வைப்பதால் அதற்குச் சல்லடை என்று பெயர். ஒன்பதில் ஏழு பேர் ஒன்றையே கண்டால் அதை ஏட்டின் வரியாகச் சேர்க்கலாம் என்று வெளிநாட்டில் இருந்த குழு விதி வகுத்திருந்தது.

"ஏன் டீச்சர், இந்தப் பொஸ்தகத்தயெல்லாம் ஏன் வேதத்துல சேக்கல? பொய்யா?" என்று மூன்றாம் கட்டில் மிக்கேலம்மாள் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டாள். எப்சிபா ஏடு வாசிப்பதால் அவளுக்கு டீச்சர் ஆகிவிட்டாள்.

"பொய்யின்னு சொல்ல முடியாதுக்கா. யாரு எழுதினதுன்னு சிலதுக்குத் தெரியல. சிலது ரொம்பப் பிந்தி வந்தது. சாட்சி இல்லாதத சேக்கப் பயந்திருக்காவ. உங்க கத்தோலிக்க வேதத்துல இருக்க ஏழு பொஸ்தகம் எங்க சி.எஸ்.ஐ. வேதத்துலயே கிடையாதுல்லா."

"அப்பம் எங்களுக்குத்தான் கூடுதலா குடுத்திருக்கு" என்று மிக்கேலம்மாள் பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டாள்.

விட்டுப்போன ஏட்டை வாசிக்கப் பதினொரு நிமிடம் பிடிக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதனால் எப்சிபா பதினொரு நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பத்து மதியங்கள் அந்த ஒரே பக்கத்தை வாசித்தாள், பத்து மதியங்களும் அந்த மௌனத்துக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அப்போது கடல் மிக அருகில் வந்துவிட்டதுபோல இருக்கும். தான் உறங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே சில நேரம் தெரியாது.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. மனையின் தலைவர் அருமைநாயகம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு காலத்தில் சபை ஐயராக, அதாவது பாதிரியாராக இருந்து, தள்ளுபடி ஏடுகளின் மேல் வைத்த ஆசையால் அதை விட்டவர். எந்நேரமும் பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டிருப்பார். அன்று கிழங்கு மேசையில் உரிக்காமல் கிடந்தது.

"ஏழு பேரில்ல எப்சிபா, ஒம்பது பேரும்! ஒம்பது பேரும் ஒன்னத்தான் கண்டிருக்காவ. இங்க பாரு."

திரையில் சல்லடை சலித்து எடுத்த வரி இருந்தது. 'கதவுக்கு உள்ளே ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அவள் மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தாள்.'

"வெள்ளிக்கிழம குழுவுக்கு அனுப்புதேன். உலகம் பூரா வாசிக்கும். ஆயிரத்து எண்ணூறு வருசமாக் காணாமப்போன வரி! என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

"ஒன்னுமில்ல சார். தலவலி" என்றாள் எப்சிபா.

அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நாள் பதிவுகளையும் எடுத்தாள். அவள் வாசித்ததை எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய மௌனத்தை ஒருவரும் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதை யார் போட்டுக் கேட்பார்கள்? ஆனால் மைக்கை அணைத்தால் வரும் சின்னச் சத்தத்துக்கே உறங்குபவர்கள் புரண்டுவிடுகிறார்கள் என்று, மௌனத்தின்போதும் அது திறந்தே இருக்க வேண்டும் என அருமைநாயகம் கதவில் எழுதி ஒட்டியிருந்தார். எப்சிபா ஒலியைக் கூட்டி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

முதலில் கடல் இரைந்தது. பிறகு அவளுடைய மூச்சு. அப்புறம் மர மேசையில் விரல் மடக்கித் தட்டும் சத்தம். டொக், டொக். நீண்ட இடைவெளி. மறுபடி டொக், டொக். அதற்குப் பின்னால், உதடு அசைவது மட்டும் கேட்பதுபோல, "அம்மாதான்."

பதினொரு நிமிடமும் இதுதான். பத்து நாளும் இதுதான். மூன்றாவது தட்டு ஒரு தடவைகூட இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் பெரிய புயல் வந்தது. அன்று காலையில் அவள் தன் ஏழு வயது மகள் பெனினாவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். புயல் ராமேஸ்வரம் பக்கம் போய்விடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். "யாரு கூப்பிட்டாலும் தொறக்காத. அம்மா மூணு தட்டு தட்டுவேன். அப்பந்தான் தொறக்கணும், என்ன?" பெனினா விரலை மடக்கி மூன்று எண்ணிக் காட்டினாள். மேல்தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. அதற்காக ஆசாரியைக் கூப்பிட்டு, அவள் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்திருந்தாள் எப்சிபா. மதியம் கடல் ஊருக்குள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்திக் கூப்பிட்டு, கதவை இடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை என்று நினைத்து ஓடிவிட்டார்கள். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. கழுத்தளவு தண்ணீரில் எப்சிபா வந்து சேர்ந்து, இரண்டு முறை தட்டினாள். மூன்றாவதாகக் கை ஓங்கியபோது தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் பிழைத்தாள். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் இல்லை.

எப்சிபா பதிவை அணைத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லக் கூசும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த வரி போய்விட்டால் போதும். எந்த நாட்டிலோ யாரோ புத்தகத்தைத் திறந்து பெனினாவை வாசிப்பார்கள். மணலில் கிடைக்காத இடம் அவளுக்குத் தாளில் கிடைத்துவிடும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே நடந்துவிடும் காரியம். மௌனத்தைத்தான் யாரும் போட்டுக் கேட்கப்போவதில்லையே.

புதன்கிழமை முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் மிக்கேலம்மாளின் மருமகள் மனைக்கு வந்து வராந்தாவில் நின்று சண்டை பிடித்தாள். "எங்க அத்தைக்கு என்னத்த ஓதி வச்சிருக்கிய? வீட்டுல ஒரு கதவச் சாத்த விட மாட்டுக்காவ. கோழி எல்லாம் அடுப்படிக்குள்ள நிக்கி. யாராவது கதவத் தட்டுனா கூடவே ஓடிப்போய் இன்னொரு தட்டு தட்டுதாவ. தெருவே சிரிக்கி!"

சத்தம் கேட்டு ஏழாம் கட்டில் கஸ்பாரும் வந்து நின்றார். படகு எஞ்சின் பழுது பார்த்தவர். கல்யாணம் கட்டாமலே அறுபதைத் தாண்டியவர். அவர் எப்சிபாவைத் தனியாகத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க யார்ட்டயும் சொல்லாதிய. எனக்குப் பிள்ள கிடையாது. ஆனா கொஞ்ச நாளா, பெத்த பிள்ளய எங்கயோ வச்சிட்டு வந்துட்ட மாதிரியே இருக்கு. சோறு இறங்க மாட்டுக்கு. யாருட்டயாவது போய், எம்பிள்ளயப் பாத்தியளான்னு கேட்டுருவனோன்னு பயமா இருக்கு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

எப்சிபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பிள்ளைக்கு இடம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, தன் துக்கத்தை ஒன்பது பேர் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள். அவர்கள் கேட்டு வாங்கிய பாரம் இல்லை அது. யாருடையது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

அவள் நேராக அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தட்டுக் கணக்கையும், தான் தட்டிய இரண்டையும் சொன்னாள். பிள்ளைக்குப் போட்டுக்கொடுத்த சின்னத் தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது இல்லாதிருந்தால் அன்று அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில்தான் விட்டுப்போயிருப்பாள். இந்த ஆறு வருடத்தில் அதை ஒருவரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

அருமைநாயகம் கோபத்தில் எழுந்துவிட்டார். "மூணு மாச வேல! ஒம்பது ஆளு! பதினோரு நிமிசமும் அந்த மைக்க மூடணும்னு ஒருத்தருக்குமா தோணல?"

"மூடக்கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதி ஒட்டியிருக்கிய."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பதிவைப் போடச் சொன்னார். கேட்டார். முழுப் பதினொரு நிமிடமும் கேட்டார். முடிந்தபோது அவருடைய கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இத அனுப்ப முடியாது, எப்சிபா."

"தெரியும் சார்."

"இத அழிச்சிரலாம். ஆனா அவங்க கண்டது போவாது. அது இப்பம் அவங்களுக்கு ஞாபகம்." அவர் திரையில் இருந்த வரியைத் தாளில் எடுத்தார். அதன் தலையில் 'சேர்க்கத் தகாதது' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அதை மூடி வைத்துவிட்டு, "இங்க வா" என்றார்.

இரும்பு அலமாரியைத் திறந்து சுரியானி ஏட்டை வெளியே எடுத்தார். மேசை விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார்.

"காணாமப்போன ஏட்டோட அடி இது. பூச்சி அரிச்சதுன்னு அறிக்கையில எழுதிருக்கேன். நல்லாப் பாரு."

தைத்த இடத்தை ஒட்டி விரல் நக அளவுக்குத் தோல் மிச்சமிருந்தது. அதன் விளிம்பு நேராக இருந்தது. பூச்சிக்கு அவ்வளவு நேராக அரிக்கத் தெரியாது.

"கத்தி" என்றாள் எப்சிபா.

"ஆமா. வெட்டி எடுத்திருக்கு. யாரு வெட்டுனாவன்னு எனக்குத் தெரியாது. வெட்டுறதுக்கு முன்னாடி, காயாத மையி எதிர்ப்பக்கத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கு. இடம் வலம் மாறித் தெரியும். போன வருசமே நான் வாசிச்சிட்டேன். கதைக்குச் சம்பந்தமே இல்லாத வார்த்த, தப்பா வாசிக்கேனோன்னு விட்டுட்டேன்." அவர் ஒரு சின்னக் கண்ணாடியை எதிர்ப்பக்கத்தின்மேல் சாய்த்துப் பிடித்தார். எப்சிபாவுக்குச் சுரியானி எழுத்துகள் தெரியும். மங்கலாக, நடுங்கிய கையால் எழுதியதுபோல, இரண்டு சொற்கள் தெரிந்தன. 'என் மகள்.' அதற்கு அடுத்து ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது ஒட்டவில்லை.

"நோவாவோட மருமகளுக்கு இதுல பிள்ளயே கிடையாது. இந்த ஏடு முழுக்க ஒரு பிள்ள பேரும் வரல. அப்பம் இது எழுதுன ஆளோட மகளாத்தான் இருக்கணும்" என்றார் அருமைநாயகம். "வெள்ளம் வந்த எடத்துல எழுத எழுத அவனுக்கும் கை நிக்கல போல. பிறகு அவனே வெட்டினானோ, மேல உள்ளவங்க வெட்டுனாவளோ."

எப்சிபா அந்த இரண்டு சொற்களைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத அந்த மனுஷனுக்காக அவளுக்கு அழுகை வந்தது. பெனினாவுக்காக அவள் இவ்வளவு சுலபமாக அழுததில்லை.

வெள்ளிக்கிழமை குழுவுக்கு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று ஒரு வரிக் கடிதம் போயிற்று. அன்று மதியம் எப்சிபா ஒன்பது பேரையும் வராந்தாவில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். அருமைநாயகத்திடம் சொன்ன அளவுக்குத்தான், தாழ்ப்பாளை விட்டுவிட்டுத்தான், சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். இனி வர வேண்டாம், இன்றோடு முடிந்தது என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மிக்கேலம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அப்பம் நெசமாவே ஒரு பிள்ளயா?"

"ஆமாக்கா."

"பேரு?"

"பெனினா."

ஒன்பது பேரும் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். கஸ்பார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒன்னு சொல்லுதேன், கோவப்படாதிய" என்றாள் மிக்கேலம்மாள். "அவ பயப்படல. நான் பத்து நாளா அவ பக்கத்துலதான் இருக்கேன். ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுதா, எண்ணிட்டு மறுபடி ஒன்னுல இருந்து ஆரம்பிக்கா. அம்மா வருவான்னுதான் இருக்கா. நீங்க பாட்டுக்கு இன்னையோட முடிஞ்சிதுன்னு பெட்டியக் கட்டுனா, நாங்க ஒம்பது பேரும் சாவுற வரைக்கும் அந்தப் பிள்ள எண்ணிக்கிட்டே இருக்கணுமா? தட்ட வேண்டியத தட்டி முடிச்சு விடுங்க."

எப்சிபா அருமைநாயகத்தைப் பார்த்தாள். அவர் பனங்கிழங்கு நாரை விரலில் சுற்றிக்கொண்டே கடல் பக்கம் திரும்பி நின்றார். "நான் சல்லடைய அணைச்சிருதேன்" என்றார். "இது எங்கயும் பதிவாக வேண்டாம்."

இரண்டு மணிக்கு அவர்கள் படுத்தார்கள். சன்னல்களை ஒருவரும் சாத்தவில்லை. காற்றில் வெள்ளைத் திரைகள் உள்ளே வந்து கட்டில்களைத் தொட்டுவிட்டுப் போயின. எப்சிபா கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தாள். மழை தொடங்குவதை வாசித்தாள். மிருகங்களின் மூச்சில் பேழை சூடாவதை வாசித்தாள். 'கதவு அடைக்கப்பட்டது. நான் உள்ளே இருந்தேன். வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.'

பிறகு மௌனம். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. வலது கையை மடக்கி மேசைமேல் வைத்தாள். டொக். வார்டில் யாரும் அசையவில்லை. டொக். கடல் மிக அருகில் வந்து நின்றது. கை ஓங்கியபடி அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடமாக நின்ற இடத்தில்தான் நின்றது. தண்ணீரின் குளிர் கழுத்துவரை ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினாள்.

டொக்.

"அம்மாதான் மக்கா" என்றாள், மைக் திறந்திருப்பது தெரிந்தே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பது வலக்கைகள் மெத்தைமேல் மெல்ல நகர்ந்தன. இடுப்புக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு விரலால் எதையோ பிடித்து, ஒரு பக்கமாக இழுத்தன. கஸ்பாரின் கை இழுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எல்லோருடைய மூச்சும் ஒன்றுபோல இறங்கி, ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயிற்று.

நாலு மணிக்கு எழுந்தார்கள். யாரும் கனவைப் பற்றிப் பேசவில்லை. கஸ்பார் இரண்டு தட்டு உப்புமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிக்கேலம்மாள் தலையை அள்ளி முடிந்துகொண்டு, டீத் தம்ளருடன் எப்சிபாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு மேல்தாழ்ப்பாள் எட்டாதோ, டீச்சர்?" என்று கேட்டாள்.